டயர் வாங்கப் போகிறீர்களா?

விடியுமுன் வேலைக்கும், விடிந்தபின் பிள்ளையோடு பள்ளிக்கும் ஓடும் உங்கள் மோட்டார் சைக்கிளின் டயரை எப்போது பார்த்தீர்கள்? அதன் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். மேல்ரப்பர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். பள்ளமில்லாத டயர் மழைநீரை ஒதுக்காது, வழுக்கிவிடும்.

கடையில் விலையை மட்டும் கேட்காதீர்கள். வண்டிக்குரிய அளவைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். 70/90-17 என்றால் அகலம் 70 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 விழுக்காடு, சக்கரம் 17 அங்குலம். பக்கவாட்டில் நான்கு எண்களையும் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பல ஆண்டு கிடந்த ரப்பர் இறுகிப்போகும். மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மென்மையான ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் பிடிப்புக் குறையும். நம் ஊர் மழைக்குப் பிடிப்பே முக்கியம்.

பின்டயரை மட்டும் மாற்றி, தேய்ந்த முன்டயரை அப்படியே விட்டுவிடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்தில்தான் சாயும். புது டயர் முதலில் சற்று வழுக்கும். சில நாள் நிதானமாக ஓட்டுங்கள். மிச்சம் பிடிக்கும் சில வெள்ளியைவிட, பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளை பெரிதல்லவா?