மேலே மழை... கீழே சோறு!

ஸ்காட்லாந்து, நார்வே பக்கம் காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டையே மாட்டிக்கொண்டு, மழை கொட்டும் மலைகளில் வாரக்கணக்கில் சுற்றுவார்கள். நமக்கு ஒரு வேனும், புளியோதரைத் தூக்கும் போதும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தேனியிலிருந்து குமுளிக்குக் கிளம்பிவிடலாம்.

சுமார் 60 கி.மீ.தான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வழியெல்லாம் நெல், வாழை, திராட்சைப் பந்தல். அதுவரை முகத்தில் சாரல் மட்டும். லோயர்கேம்ப் தாண்டி மலையேறினால் பனிமூட்டமும் வைப்பரை ஓயவிடாத மழையும்தான். நடுவே மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் தெரியும். பென்னிகுக் கட்டி, 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் அதில் இறங்கி மின்சாரம் தருகிறது. பிறகு பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. மேலே நம்மை நனைக்கும் மழைதான் கீழே சோறாகிறது.

இதே பாதையில் விடியும் முன்பே ஜீப்கள் ஏறும். உள்ளே நெருக்கியடித்து, மடியில் தூக்குவாளியோடு, கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள். சாயங்காலம் அதே மழையில் இறங்குவார்கள்.

அதனால் வளைவில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடாமல், ஏறிய கியரிலேயே இறக்குங்கள். நாம் வேடிக்கை பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம். அந்த ஜீப்பில் இருப்பவர்கள் போய்த்தான் வீட்டில் உலை வைக்க வேண்டும்.