ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கு ஏன் தடை? கன அடி கணக்கு சொல்வது என்ன?

காவிரியில் நீர்வரத்து அதிகரிப்பு, ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை. தென்மேற்குப் பருவமழை தீவிரமானால் தவறாமல் வரும் செய்தி இது. "தண்ணி நிறைய வந்தா பரிசல் சவாரிக்கு நல்லதுதானே?" என்று கேட்கும் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. உண்மை என்ன?

கன அடி என்றால் எவ்வளவு தண்ணீர்?

கர்நாடகாவின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் இருந்து திறக்கப்படும் நீர், பிலிகுண்டுலு வழியாக தமிழ்நாட்டுக்குள் வருகிறது. அங்கே மத்திய நீர் ஆணையம் அதை அளவிடுகிறது. ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். நொடிக்கு 10,000 கன அடி என்றால், ஒவ்வொரு நொடியும் சுமார் 283 டன் தண்ணீர் கடந்து போகிறது. 2018, 2022, 2024 வெள்ளங்களில் நீர்வரத்து 1 லட்சம் கன அடியையும் தாண்டியது.

தண்ணீர் ஏறினால் என்ன மாறுகிறது?

தண்ணீர் குறைவாக இருக்கும்போது பாறைகள் வெளியே தெரியும். பரிசலின் அடிப்பகுதி அங்கங்கே தட்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் நீரோட்டம் அடங்கியிருக்கும் என்பதால், ஓட்டி அங்கே ஒதுங்கி அடுத்த வழியைப் பார்க்கலாம்.

நீர் ஏறியதும் அந்தப் பாறைகள் மூழ்கிவிடும். மேலே பார்த்தால் ஆறு சமமாக இருப்பது போலத் தெரியும். ஆனால் பாறையைத் தாண்டி விழும் நீர், பின்னால் திரும்பிச் சுழலும். அதில் சிக்கும் படகை எளிதில் வெளியே விடாது. ஒதுங்கும் இடங்களும் காணாமல் போகும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். வட்டமான பரிசலுக்கு முன், பின் கிடையாது. ஒற்றைத் துடுப்பால் அந்த விசையை எதிர்ப்பது ரொம்பக் கஷ்டம்.

எண் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. அணைத் தண்ணீர் வந்து சேர நேரம் பிடிக்கும், முன்கூட்டியே எச்சரிக்கலாம். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் போன்ற நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கொட்டும் மழை அப்படி அவகாசம் தராது. ஆகவே, "இப்போ எவ்வளவு?" என்பதோடு, "ஏறுதா, இறங்குதா?" என்பதும் முக்கியம். ஒரே அளவு நீர், ஏறும்போது அதிக ஆபத்து. இறங்கிய பிறகும் வெள்ளம் கொண்டுவந்த மரங்கள் பாறை இடுக்கில் மாட்டியிருக்கலாம்.

யாருக்கு இழப்பு?

மேட்டூர் அணைக்கும் டெல்டா விவசாயிகளுக்கும் நல்ல செய்தியாக வரும் அதே தண்ணீர், பரிசல் ஓட்டிகளின் பிழைப்பை நிறுத்துகிறது. சவாரி இல்லையென்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. கடலில் மீன்பிடித் தடைக்காலம் எப்போது என்பது முன்பே தெரியும், மீனவர்களுக்கு அரசு நிவாரணமும் தருகிறது. ஆனால் பரிசல் தடை எப்போது வரும், எத்தனை நாள் நீடிக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அருவி ஆர்ப்பரிப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடும் நாளில்தான் தொழிலும் முடங்குகிறது. தடை காலத்துக்கு ஒரு வாழ்வாதார ஏற்பாடு இருந்தால்தான், "ஒரு ரவுண்டு மட்டும் போலாம்" என்ற அழுத்தம் ஓட்டிகளுக்குக் குறையும்.

பயணிகள் கவனிக்க வேண்டியது

தடை அமலில் இருந்தால் கூடுதல் பணம் கொடுத்து சவாரி கேட்க வேண்டாம். அனுமதி உள்ள நாளிலும் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள். செல்ஃபிக்காக எழுந்து நிற்காதீர்கள். போன மாதம் சுலபமாக இருந்த அதே பாதை, இன்றைய தண்ணீரில் வேறொரு ஆறு.