ஊதியம் பெற்ற மனைவி



தொலைக்காட்சித் தொடர் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களுள் இப்பகுதியை எழுதுபவனும் ஒருவன். ஆண்டுக்கணக்கில் முடிவின்றி இழுபடும் கதை, மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் கெடுக்கத் தீட்டும் சூழ்ச்சி, விளம்பரத்துக்கு விளம்பரம் வடியும் கண்ணீர் ஆகியவற்றுக்காக ஒரு குடும்பம் தன் மாலைப் பொழுதைப் பறிகொடுக்க வேண்டுமா என்று பலரிடம் வாதாடியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு ஜப்பானியக் காதல் தொடரைப் பதினொரு இரவுகள் தொடர்ந்து பார்த்தேன் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும்.

நடந்தது இதுதான். விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், இஷாவுக்குப் பின் தன் மடிக்கணினியைத் திறந்துவைத்து அத்தொடரைப் பார்க்கத் தொடங்கினாள். அடுக்களை வேலையை முடித்துக்கொண்டு அவளுடைய தாயாரும் அருகில் வந்து அமர்ந்தார். திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளை மகள் தமிழாக்கிச் சொல்ல, தாய் 'உம்' கொட்டிக் கேட்டார். நாளேட்டை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்த நான், மூன்றாம் நாள் அதை மடித்து வைத்துவிட்டேன்.

அத்தொடரின் ஜப்பானியப் பெயர் 'நிகெரு வா ஹஜி தகா யாகு நி தட்சு' என்பதாகும். 'ஓடிப்போவது வெட்கம்தான், ஆயினும் அதனால் பயனுண்டு' என்பது அதன் பொருள். இஃது ஹங்கேரி நாட்டுப் பழமொழி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டதாம். சுனாமி உமினோ என்னும் பெண் எழுத்தாளர் 2012 முதல் மகளிர் இதழொன்றில் வரைந்துவந்த சித்திரக்கதையை, அகிகோ நோகி என்னும் பெண்மணி தொடராக்கினார். 2016 அக்டோபர் 11 முதல் டிசம்பர் 20 வரை, செவ்வாய்க்கிழமைதோறும் இரவு பத்து மணிக்கு டி.பி.எஸ். தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பாயிற்று. டோக்கியோ வட்டாரத்தில் முதல் வாரம் 10.2 விழுக்காட்டு இல்லங்கள் கண்டன. அவ்வெண்ணிக்கை படிப்படியாக ஏறி, நிறைவு வாரத்தில் 20.8 விழுக்காடாயிற்று. பதினொரு வாரத்தில் கதையைச் சொல்லி முடித்துவிட்டார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்!

வேலையாக ஒரு திருமணம்

கதை யோக்கஹாமா நகரில் நடக்கிறது. மிகுரி என்னும் இருபத்தைந்து வயதுப் பெண், உளவியலில் மேற்படிப்பு முடித்தவள். படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. தற்காலிக ஊழியராகச் சேர்ந்த அலுவலகமும் அவளை வெளியே அனுப்பிவிட்டது. மகளின் நிலை கண்ட தந்தை, தமக்குத் தெரிந்த ஹிராமசா என்னும் கணினிப் பொறியாளரின் இல்லத்தில், வாரம் ஒருமுறை வீட்டைத் துப்புரவு செய்யும் வேலையைப் பெற்றுத் தருகிறார். ஹிராமசாவுக்கு முப்பது வயது தாண்டியும் மணமாகவில்லை. பெண்களிடம் பேசவே கூச்சப்படும் தனிமனிதர். கணக்கும் கணினியுமே அவருடைய உலகம்.

இங்கே ஒரு சிறு காட்சி. ஒருநாள் மிகுரி, யாரும் சொல்லாமலேயே சன்னலின் கொசுவலையையும் சுத்தம் செய்துவிடுகிறாள். வீடு திரும்பிய ஹிராமசா, அறை சற்று வெளிச்சமாக இருப்பதுபோல் தோன்றுகிறதே என்று அதைக் கண்டுகொள்கிறார். அவ்வளவுதான்! எத்தனையோ இடங்களில் 'நீ வேண்டாம்' என்று திருப்பியனுப்பப்பட்ட அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிடுகிறது. தன் உழைப்பை ஒருவர் கண்டார் என்பதே அவளுக்குப் பெரும் பரிசாகிவிட்டது.

பின்னர் அவளுடைய பெற்றோர் தத்தேயாமா என்னும் கடலோர ஊருக்குக் குடிபெயர முடிவு செய்கின்றனர். வேலையை இழக்க விரும்பாத மிகுரி, பேச்சோடு பேச்சாக ஒரு யோசனையைச் சொல்லிவிடுகிறாள்: மனைவி என்னும் பொறுப்பையே ஒரு வேலையாக ஏற்றுக்கொண்டால் என்ன? ஹிராமசா திகைக்கிறார், பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுகிறார், ஒப்புக்கொள்கிறார். திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யாமல், ஊருக்குக் கணவன் மனைவி, வீட்டுக்குள் முதலாளி தொழிலாளி என்ற ஏற்பாட்டில், உறங்குமிடத்தைத் தனித்தனியே வகுத்துக்கொண்டு வாழத் தொடங்குகின்றனர்.

இந்த ஏற்பாடு நம் வழக்கத்துக்கு முற்றிலும் அயலானது. பின்வரும் காட்சிகளிலும் நமக்கு ஒவ்வாதவை சில உண்டு. பிள்ளைகளோடு காண்போர் இதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் 'ஒப்பந்தம்' என்ற சொல் மட்டும் நமக்குப் புதிதன்று. நிக்காஹ் என்பதே சாட்சிகள் முன்னிலையில், மஹரைக் குறித்து, இரு தரப்பும் இசைந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம்தானே! எனினும் மஹர் என்பது மணப்பெண்ணின் உரிமை. அவள் செய்யப்போகும் வீட்டு வேலைக்குக் கொடுக்கப்படும் கூலியன்று. மிகுரி பெறுவதோ வேலைக்கான ஊதியம். அந்த ஊதியத்தில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

அரசாங்கமே போட்ட கணக்கு

மிகுரியின் மாத ஊதியம் 1 இலட்சத்து 94 ஆயிரம் யென். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? கதாசிரியர் மனம்போன போக்கில் எழுதியதன்று. ஜப்பான் அரசின் அமைச்சரவை அலுவலகம், இல்லத்தில் ஊதியமின்றி நடைபெறும் வேலைகளின் மதிப்பை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டிருந்தது. அதன்படி 2011ஆம் ஆண்டில், வேறு வேலைக்குச் செல்லாத ஓர் இல்லத்தரசி ஆண்டுக்கு 2,199 மணி நேரம் வீட்டில் உழைக்கிறார். அந்த நேரத்தில் அவர் வெளியே வேலை செய்திருந்தால் என்ன ஈட்டியிருப்பார் என்று பார்த்தால், ஆண்டுக்கு 30 இலட்சத்து 41 ஆயிரம் யென். மணிக்கு ஏறத்தாழ 1,383 யென்!

இந்த எண்கள் திரையில் தோன்றியபோது என் மனைவி, "நம் வீட்டுக் கணக்கு எவ்வளவு வரும்?" என்று மகளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்பின் பெயரால்

காதல் கதையாயிற்றே, காதல் எப்போது வருகிறது என்று கேட்பீர்கள். மெல்ல மெல்ல வருகிறது. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுப்பதிலும், உணவுக்கு நன்றி சொல்வதிலும், ஒருவர் வரவுக்கு மற்றொருவர் காத்திருப்பதிலும் வருகிறது. பத்தாம் வாரத்தில் ஹிராமசா, உயர்தர உணவகம் ஒன்றுக்கு மிகுரியை அழைத்துச் சென்று, முறைப்படி மணந்துகொள்வோம் என்று கேட்கிறார்.

எந்தத் தொடராயினும் இந்த இடத்தில் இசை முழங்கும். கதாநாயகி ஆனந்தக் கண்ணீர் உகுப்பாள். இங்கே நடந்தது வேறு. ஹிராமசாவுக்கு அவருடைய நிறுவனத்தில் வேலை பறிபோகும் நிலை. அவர் கணக்கையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். மணமாகிவிட்டால் மிகுரிக்கு ஊதியம் தர வேண்டியதில்லை. அந்தப் பணம் மிச்சம். அதைக் குடும்பத்துக்குச் சேமிக்கலாம் என்று விளக்குகிறார். அவர் கெட்டவர் அல்லர். கள்ளமற்ற உள்ளத்தோடுதான் சொல்கிறார்.

மிகுரியின் முகம் வாடுகிறது. என்மீது அன்பிருந்தால் இதே வேலையை இனி இலவசமாகச் செய்யலாம் என்பதுதானே இதன் பொருள் என்று கேட்கிறாள். அன்பைக் காட்டி உழைப்பைச் சுரண்டுவதை நான் ஏற்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறாள். அவள் மூளையில் திடீரென்று உதித்த சொல்லன்று அது. சற்று முன்புதான் அவ்வட்டாரக் கடைத்தெரு வணிகர்கள், தங்கள் சந்தையை முன்னேற்ற யோசனை சொல்லும்படி அவளைக் கேட்டிருந்தனர். தெரிந்தவர்கள்தானே, உனக்கும் அனுபவமாகும், காசு எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. நல்லெண்ணத்தைப் பயன்படுத்திக்கொண்டு உழைப்பை இலவசமாகப் பெறுவது முறையன்று என்று அவர்களுக்கும் அவள் எடுத்துரைத்திருந்தாள். கடைத்தெருவில் தவறாக இருப்பது இல்லத்துக்குள் மட்டும் எப்படிச் சரியாகும்?

அந்தக் காட்சி முடிந்ததும் எங்கள் கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் என் மனைவி அமைதியாகச் சொன்னார்: "சம்பளம் நின்றால் நிற்கட்டும். கூடவே நன்றியும் நின்றுவிடுகிறதே, அதுதான் பொல்லாதது."

மூடிய கதவுக்கு வெளியே

நிறைவு வாரத்தில் இருவரும் புதிய முடிவுக்கு வருகின்றனர். இல்லத்தை ஒரு நிறுவனம்போல் கருதி, இருவரும் அதன் கூட்டு நிர்வாகிகளாவது, வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வது, கூடிப்பேசிக் குறைகளைத் தீர்ப்பது. தாளில் எழுதும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. மிகுரி வெளியே வேலைக்கும் செல்லத் தொடங்க, சோறு ஆக்க மறந்துபோகிறது, அறையைப் பெருக்கியது போதாது என்று முணுமுணுப்பு எழுகிறது, களைப்பு சினமாகிறது. இறுதியில், என்னைப் போன்ற தொல்லை பிடித்தவளோடு நீங்கள் ஏன் வாழ வேண்டும் என்று சொல்லிக் குளியலறைக்குள் புகுந்து கதவை மூடிக்கொள்கிறாள்.

ஹிராமசா கதவைத் தட்டி உடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறவும் இல்லை. கதவுக்கு இப்பால் நின்று, தொல்லையில்லாத வாழ்க்கை எங்கும் இல்லை, தனித்து வாழ்ந்தாலும் தொல்லைதான், சேர்ந்து வாழ்ந்தாலும் தொல்லைதான், அப்படியிருக்கச் சேர்ந்தே அதைச் சுமப்போம் என்னும் கருத்தில் மெதுவாகப் பேசுகிறார். நான் பார்த்த பதினொரு இரவுகளில் உண்மையான காதல் காட்சி இதுதான் என்று துணிந்து சொல்வேன். ஒருவர் சோர்ந்து உள்ளே ஒடுங்கிய வேளையில், மற்றவர் வெளியே நின்று பொறுமையோடு பேசியது.

கதையின் தொடர்ச்சியாக 2021 சனவரி 2ஆம் நாள் சிறப்புப் பகுதி ஒன்றும் வெளியாயிற்று. மிகுரி கருவுறுகிறாள். ஹிராமசா உற்சாகமாக, உனக்கு முழுமையாக உதவுவேன் என்கிறார். அவளுக்கோ வருத்தம். குழந்தை இருவருக்கும்தானே, அதில் ஒருவர் பொறுப்பாளி, மற்றவர் உதவியாளரா என்பது அவள் கேள்வி. பிறகு ஹிராமசா மகப்பேற்றை ஒட்டி அலுவலகத்தில் விடுப்புக் கேட்டுப் போராடுகிறார். ஜப்பானில் இது சாதாரணச் செய்தியன்று. குழந்தை பிறந்ததும் விடுப்பெடுத்த தந்தையர் 2016இல் நூற்றுக்கு மூவர்தான். 2023இல் அது நூற்றுக்கு முப்பதாகியிருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள்ள இல்லங்களில், 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் மனைவி நாளொன்றுக்கு 7 மணி 34 நிமிடம் செலவிட்டார். கணவரோ 1 மணி 23 நிமிடம். 2021இல் கணவரின் நேரம் 1 மணி 54 நிமிடமாக உயர்ந்தது. மாற்றம் ஆமை வேகத்தில்தான் வருகிறது, ஆயினும் வருகிறது.

நம் வீட்டுச் சன்னல்

நம் நாட்டிலும் இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை போடும் இடம் ஒன்று உண்டு, அதுதான் நீதிமன்றம். விபத்தில் ஓர் இல்லத்தரசி இறந்துவிட்டால், இழப்பீடு வழங்குவதற்காக அவருடைய உழைப்பு மாதத்துக்கு இத்தனை ரூபாய் பெறும் என்று கணக்கிடுகிறார்கள். அவ்வாறு கணக்கிடுவது அவர்களின் உழைப்புக்குத் தரும் அங்கீகாரம் என்று 2021 சனவரியில் உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! ஒருத்தி கண்ணை மூடிய பின்புதான் அவள் செய்த வேலையை எண்ணிப் பார்ப்போம் என்றால், அதைவிட வெட்கம் வேறுண்டா?

மனைவிக்கு மாதச் சம்பளம் கொடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மிகுரியும் இறுதியில் அதைக் கேட்கவில்லை. ஊதியம் என்ற ஒன்று இருந்தபோது அவளுடைய வேலைக்கு ஓர் அளவு இருந்தது. அதைச் செய்தவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. அன்பு வந்ததும் அளவும் மரியாதையும் விடைபெற்றுப் போய்விடக் கூடாது என்றுதான் அவள் அஞ்சினாள். அந்த அச்சம் யோக்கஹாமாவுக்கு மட்டும் உரியதன்று.

தொடர் முடிந்த இரவு, என் மனைவி படுக்கப் போகுமுன் ஒரு கேள்வி கேட்டார்: "நம் வீட்டுச் சன்னல் வலையை எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைக்கிறேன், சொல்லுங்கள் பார்ப்போம்?"

முப்பத்து நான்கு ஆண்டுகளாக அந்தச் சன்னலருகில் அமர்ந்துதான் நான் நாளேடு படிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் காலையில், நான் குளிக்கச் சென்றிருக்கும் நேரத்தில் என்று அவரே சொன்னார்.

மறுநாள் காலைத் தேநீருக்குப் பின் கோப்பைகளை நானே கழுவி வைத்தேன். அவற்றுள் இரண்டை அவர் ஓசைப்படாமல் மீண்டும் கழுவினார் என்பதையும் நேர்மையோடு பதிவு செய்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வலையை நான் துடைத்தேன். அறை சற்று வெளிச்சமாகத்தான் இருந்தது.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும் இந்த வாரத்தில், சகோதரர்களே, உங்கள் இல்லத்தில் நீங்கள் இதுவரை கண்டுகொள்ளாத ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள். அதைச் செய்தவரிடம், கண்டேன் என்று ஒரு சொல் சொல்லுங்கள். சகோதரிகளே, அவர் கழுவிய கோப்பையில் கறை இருந்தால், முதல் வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.