கிராணியின் பேனாவும் நாதனின் பேனாவும்

பத்திரிகைக்காரனுடைய தொழில் எழுதுவதே. தொழிலாளரைத் திரட்டுவது அவனுக்கு அடாத காரியம் என்று, ஆங்கிலப் பள்ளியிற் படித்துவந்த நம் கிராணிமாரிற் பலர் இன்றும் சாதிக்கின்றனர். பார்வைக்கு இது நியாயம்போலத் தோன்றும். ஆயினும் ஆர். எச். நாதனுடைய சரித்திரத்தை அறிந்தோர்க்கு இதன் பொய்ம்மை விளங்காமற் போகாது.

நாதன் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியராயிருந்தவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாக ரப்பர்த் தோட்டத் தொழிலாளரை ஒன்று சேர்த்தவர். 1941ஆம் ஆண்டில் அத்தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. யுத்தத்தினால் ரப்பருக்குக் கிராக்கி மிகுந்திருந்த காலம் அது. சாமான்களின் விலையும் ஏறியிருந்தது. ஒரே மரத்தைச் சீவிய சீனருக்கு ஒரு கூலி, தமிழருக்கு அதனினும் குறைந்த கூலி. சமமான கூலி வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் யாது குற்றம்?

கூலி மட்டுமோ? மற்றக் கோரிக்கைகளையும் கேளுங்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் நோயாளருக்குத் தக்க வைத்தியமும் வேண்டும். பெண்களிடம் தகாதபடி நடப்பதை நிறுத்த வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். துரையோ உத்தியோகஸ்தரோ எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவு ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்குக என்பது மற்றொன்று. கிராணித் தோழர்களே! நாம் இவ்வரலாற்றைப் பேசக் கூசுவதன் காரணம் இப்பொழுது விளங்குகிறதல்லவா? அந்த ஜாபிதாவில் நம் வர்க்கத்தின் பெயரும் ஏறியிருக்கிறது.

நிற்க. எழுதுவதோடு நாதன் நின்றிருக்கலாகாதா என்பாருக்கு ஒரு வினா. அக்காலத்து லயங்களில் பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? அந்நியன் தோட்டத்துக்குள் அடிவைத்தால் அத்துமீறல் என்று விரட்டப்பட்ட காலத்தில், எழுதியது எவ்வழியாகச் சென்று சேரும்? வாசிக்கத் தெரியாதவனுக்காக எழுதுகிறவன் அவனிடம் நடந்துதான் போகவேண்டும். நடந்து போனதும் அவர் பத்திரிகைத் தொழிலின் ஒரு பகுதியேயன்றி அதற்குப் புறம்பானதன்று.

“வெளியார் வந்து கலகம் மூட்டினார்” என்பது இரண்டாவது வாதம். அவ்வாறாயின், மூட்டியவரை அகற்றியவுடன் நெருப்பு அவிந்திருக்க வேண்டுமே! 1941 மே மாதத்தில் சர்க்கார் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்திற்று. வேலைநிறுத்தமோ அடங்காமல் சிலாங்கூரின் பிற வட்டாரங்களுக்கும் பரவிற்று. அவசரநிலை பிறந்தது, இந்தியச் சிப்பாய்களே தமிழ்த் தொழிலாளருக்கு எதிராக ஏவப்பட்டனர், ஐவர் சுடப்பட்டு மாண்டனர், பெருந்தொகையினர் சிறைப்பட்டனர். நெருப்பு நாதனுடைய நாவில் இல்லை. லயத்து அடுப்படியில் இருந்தது.

அவர் சட்டத்தை மீறினார் என்பது மூன்றாவது வாதம். மீறியிருந்தால் நியாயஸ்தலத்தில் நிறுத்தியிருக்கலாமே! நாடு கடத்தும் சட்டத்துக்குச் சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். ஒரு கையொப்பம் போதும். குற்றத்தை நிரூபிக்க இயலாதவர்கள் கைக்கொள்ளும் ஆயுதம் அது.

கிள்ளான் சங்கதி கிரியான் வட்டாரத்துப் பாரிட் புந்தாரில் இருக்கும் நமக்கு எதற்கு, அதுவும் பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். 1948ஆம் ஆண்டின் அரச நிந்தனைச் சட்டம் இன்னும் ஏட்டில் உள்ளது. 1987இல் மூன்று பத்திரிகைகளின் உரிமம் ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டது. விசாரணையின்றி அடைக்க வகைசெய்த 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல்தான் ஒழிந்தது. நாதன் பணியாற்றிய ‘தமிழ் நேச’னும் 2019இல் நின்றுபோயிற்று.

நம் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் குடியிருக்கின்றனர். அன்று நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். ஆயினும் அவ்வாறு பிடித்துவைக்கும் தோட்டங்களில் அந்தப் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது? அதைப் பற்றி விசாரிக்க ஒரு பத்திரிகைக்காரன் வாசலுக்கு வந்தால், “உள்ளே விடாதே” என்று காவற்காரனுக்குச் சொல்லும் வாய் யாருடையது?

நாதனைப் புகழ்ந்து மாலை சூட்டுவது எளிது. செக்ரோலில் மெய்யான மணிக்கணக்கை எழுதுவதும், பிறன் கடப்பிதழை அவன் கையிற் கொடுப்பதும், கேள்வி கேட்க வந்தவனுக்கு வழிவிடுவதுமே அவருக்குச் செய்யும் மரியாதை. நாடு கடத்துவாரின் அச்சம் இன்று கிராணிக்கு இல்லை. போனால் ஒரு போனஸ் போகும். அதற்கும் அஞ்சுகிறவன் நாதனைக் குறைகூற என்ன யோக்கியதை உடையவன்?