கிளியின் காலுக்கு ஒரு கிளை

தமிழிலக்கியத்துக்கும் கிளிக்கும் உள்ள உறவு நெடியது. ஐங்குறுநூற்றிலே கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் கிள்ளைப்பத்து என ஒரு பத்தே கிளிக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடத்துக் கிள்ளையைத் தூது விடுத்தார். திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் அமரும் கிளி நாள்தோறும் பச்சிலைகளாற் புதிதாகச் செய்யப்படுகிறது. அதன் அலகு மாதுளம்பூ. இலையாற் செய்த கிளிக்கு இத்துணைச் சிறப்புச் செய்யும் நாம், நம் வீட்டுக் கூண்டில் உயிரோடிருக்கும் பறவைக்கு நிற்பதற்கு என்ன கொடுத்திருக்கிறோம்? பெரும்பாலும் விடை ஒன்றே. கடையிற் கூண்டோடு வந்த வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சி ஒன்று. அதன் அருகே ஒரு மணி, ஒரு கண்ணாடி.

குச்சியும் மணியும் அற்பப் பொருள்கள் அல்ல என்பதே என் கட்சி. நாம் நடக்கிறோம், உட்காருகிறோம், படுக்கிறோம். கூண்டுப் பறவையோ இரவும் பகலும் காலின்மேலேயே வாழ்கிறது, உறங்குவதும் நின்றபடியே. ஆகவே, அக்குச்சி அதற்குத் தரையும் நாற்காலியும் கட்டிலும் ஆகும். மரத்தை அதனிடமிருந்து பறித்துக் கொண்டவர், பறித்ததற்கு ஈடாக வைக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் பொறுப்பாளி ஆகிறார்.

எந்தப் பறவை என்பதை முதலிலே தெளிவாக்கிக் கொள்வோம். நான் வாழும் கடுகண்ணாவை மலைச்சரிவில், மிளகுக் கொடியும் பலாவும் கிராம்பும் செறிந்த வீட்டுத் தோட்டங்களுக்கு மேலாகக் கிளிக்கூட்டங்கள் கூவிக்கொண்டு பறப்பதைக் காலைதோறும் காணலாம். லேயாட் என்பாரின் பெயரைத் தாங்கிய மலைக்கிளியும், தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும் சின்னஞ்சிறு தொங்குகிளியும் உலகில் இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாதவை. இவற்றைப் பிடித்துக் கூண்டிலிடுவது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அவற்றுக்கு எவ்வளவு நல்ல குச்சி வைத்தாலும் அது நல்ல கூண்டு ஆகாது. நான் பேசுவது, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளரும் அயல்நாட்டுப் பறவைகளைப் பற்றி. நம்மவர் ‘லவ் பேட்ஸ்’ என்று அழைக்கும் சிறு பறவைகளிற் பெரும்பாலானவை உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர் கிளிகள். 1840இல் ஜோன் கூல்ட் என்னும் பறவையறிஞர் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து அவை உலகெங்கும் பரவின.

“கூண்டைத் திறந்துவிடுவதன்றோ அறம்?” என்று கேட்பார் உளர். கேள்வி உயர்ந்தது, ஆனால் இப்பறவைகளுக்குப் பொருந்தாது. இரை தேடவும் பகையறியவும் கல்லாத பட்ஜரிகரை இம்மலையிற் பறக்கவிட்டால், காகத்துக்கும் பருந்துக்கும் இரையாகும். அன்றேல் பசியால் மடியும். விடுதலை என்று நாம் பெயரிட்டு அனுப்புவது சாவுக்கே. வளர்க்கத் தொடங்கியவர் இறுதிவரை நன்கு வளர்ப்பதுதான் அறம்.

இனிக் குச்சிக்கு வருவோம். கிளியின் பாதத்தில் இரு விரல் முன்னும் இரு விரல் பின்னுமாக அமைந்துள்ளன. ஒரே பருமனும் வழுவழுப்பும் உடைய குச்சியில் நாளெல்லாம் நின்றால், பாதத்தின் ஒரே இடத்தில் உடற்பாரம் அழுந்துகிறது. தோல் தேய்ந்து சிவந்து, பின் வீங்கிப் புண்ணாகிறது. சீழ் எலும்புவரை இறங்கிவிட்டால் பறவையைக் காப்பது அரிது. நகம் தேயட்டும் என்று மணற்றாளைக் குச்சிமேற் சுற்றுவோர் நகத்தைத் தேய்ப்பதில்லை, பாதத்தையே தேய்க்கிறார்கள். மருந்து எளிது: பட்டையோடு கூடிய, இடத்துக்கு இடம் பருமன் மாறும் இயற்கைக் கிளை. பட்ஜரிகருக்கு அரை அங்குலத்தை ஒட்டிய பருமன் ஏற்றது. விரல்கள் கிளையை முக்காற் பங்களவு சுற்றவேண்டும். முன்நகமும் பின்நகமும் முட்டிக்கொண்டால் கிளை மெலிது என்று அறிக.

ஆனால் எந்த மரத்தின் கிளை? இங்கேதான் மலைநாட்டார் விழிப்பாயிருத்தல் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது வேலிக் கிளிரிசிடியா. மிளகுக்குத் தாங்குமரமாகத் தோட்டந்தோறும் நிற்பதும் அதுவே. அதன் இலத்தீன் பெயருக்கே எலிக்கொல்லி என்பது பொருள். மத்திய அமெரிக்காவில் அதன் பட்டையையும் விதையையும் எலி நஞ்சாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கிளியோ கிளையில் நிற்பதோடு அமையாது. பட்டையை உரித்து மென்று பார்க்கும். கண்டிப் பகுதியில் மலிந்த வெண்ணெய்ப்பழ மரமும் அத்தகையதே. நமக்கு இனிய அந்தப் பழம் பறவைக்குக் கொடிய நஞ்சு. இலையும் பட்டையும் அவ்வாறே. அழகுக்கு வைத்த அலரியைப் பற்றிச் சொல்லவே வேண்டா. கொய்யாக் கிளையை நம்பி வெட்டலாம். அது வன்மையும் உடையது. பூச்சிமருந்து தெளிக்காத மரமாகத் தெரிந்து, தேய்த்துக் கழுவி, நன்றாக வெயிலில் உலர்த்திய பின்பே கூண்டில் வைத்தல் வேண்டும்.

வெயில் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இரு பருவக் காற்றுகளும் மழை கொண்டுவரும் இவ்விடத்தில், ஈரமேறிய மரத்திற் பூஞ்சணம் பிடிக்க நாள் பல வேண்டா. அதன் நுண்வித்துகள் பறவையின் காற்றுப் பைகளிற் புகுந்து மூச்சையே அடைத்துவிடும். ஆதலால் இரண்டு தொகுதிக் கிளைகளை வைத்து, ஒன்று கூண்டில் இருக்க மற்றது வெயிலிற் காயும்படி மாற்றி வருவது நன்று. தீனிக்கும் நீருக்கும் நேர்மேலே கிளையைக் கட்டலாகாது. எச்சம் அவற்றில் விழும்.

விளையாட்டுப் பொருள்களிலோ ஆபத்து அழகான உருவத்தில் வருகிறது. பிளவுடைய சலங்கை மணியிற் கிளியின் விரல் நுழையும், திரும்ப வராது. மணிநாக்கிலும் பற்றாசிலும் ஈயம் இருக்கலாம். நாகம் பூசிய புதுக் கம்பியைக் கடித்துக் கடித்துக் கிளிகள் மெலிந்து, வாந்தியெடுத்து இறப்பது வளர்ப்போர் நன்கறிந்த செய்தி. அதற்குப் ‘புதுக்கம்பி நோய்’ என்றே பெயர் இட்டிருக்கிறார்கள். அத்தகைய கம்பியைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமெனின், வினாகிரி தோய்த்த தூரிகையால் உதிர்பொடி போகத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அதனால் ஆபத்துக் குறையுமேயன்றி அற்றுப்போகாது. பருத்தியாயினும் தும்பாயினும் பிரிந்த கயிறு கண்ணியே. இழை விரலைச் சுற்றி இறுக்கினால் குருதியோட்டம் நின்று விரல் கருகிவிழும். விழுங்கினால் இரைப்பையில் உருண்டு அடைத்துக்கொள்ளும். கண்ணாடியும் கள்ளமற்றதன்று. தனித்திருக்கும் ஆண் பட்ஜரிகர் தன் நிழலையே துணையென மயங்கி, உண்டதை மீளக் கக்கி அதற்கு ஊட்ட முயல்கிறது. அதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். தனிமைக்கு நாம் கொடுத்த விடை ஒரு பொய் என்பதை மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் வெறுங்கூண்டே போதுமா? போதாது. அலெக்ஸ் என்னும் ஆபிரிக்கச் சாம்பற் கிளி, ஐரீன் பெப்பர்பேர்க் என்னும் அறிஞரிடம் 1977 முதல் 2007 வரை பயின்று, பொருள்களின் நிறத்தையும் வடிவையும் எண்ணிக்கையையும் சொல்லிக் காட்டியது. அத்தகைய அறிவுடைய இனத்துக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லையாயின், அது தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். வேலை வேண்டும், கிழிக்கவும் கொறிக்கவும் வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை. சாயமிடாத தென்னோலையிற் பின்னிய பந்து, மணி உதிர்த்த சோளப்பொத்தி, தீனியை உள்ளே மறைத்து மடித்த வெற்றுத்தாள் என்பன கடைப் பொருளினும் மேலானவை. கிழிந்து போவதே அவற்றின் பயன். பொம்மை புதிதாகவே இருக்கவேண்டும் என்று விரும்புவது நம் கண். கிழிக்க விரும்புவது கிளியின் அலகு. கூண்டிலே எதை வைப்பது என்ற கேள்விக்கெல்லாம் இதுவே அளவுகோல்.

இதை ஆசிரியர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். பறவைக்கூண்டு வைத்திருக்கும் பாடசாலைகள் உண்டு. அங்கே ‘உயிர்களிடத்து அன்பு’ என்று கரும்பலகையில் எழுதுவதோடு நின்றுவிடாமல், வாரத்தில் ஒருநாள் மாணவர் இருவரிடம் கூண்டை ஒப்படைத்துப் பாருங்கள். கயிறு பிரிந்துள்ளதா, கம்பியிலே துரு ஏறியதா, கிளையிற் பூஞ்சணம் படர்ந்ததா, பறவை ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறதா என்று அவர்கள் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதட்டும். குறை கண்ட பொருளை அன்றே அகற்றும் உரிமையையும் அவர்களுக்கே கொடுங்கள். கால்மணி நேர வேலை. ஆயினும் அதைச் செய்து பழகிய பிள்ளை, வாய்பேசாத உயிரொன்றின் துன்பத்தைக் கேளாமலே அறியக் கற்றுக்கொள்ளும். இவ்வளவும் தம்மால் இயலாது என்று கருதும் வீட்டாரும் பாடசாலையாரும் கூண்டு வாங்காதிருப்பதே நலம். தோட்டத்துக் கொய்யாவில் நாலு பழத்தைப் பறிக்காமல் விட்டுவைத்தாற் கிளிகள் தாமாகவே வரும்.