கூண்டு கழுவும் கைகளுக்கும் காப்பு வேண்டும்

ஒரு தடுப்பூசியோ புதிய மருந்தோ மனிதர்களிடம் வருவதற்கு முன்பு எலி, முயல், குரங்கு என்று பல உயிரினங்களின் உடலைக் கடந்து வருகிறது. அந்த உயிரினங்களுக்கு வேளை தவறாமல் தீனி வைப்பவர், கூண்டிலிருந்து நனைந்த உமியை அள்ளிக் கொட்டுபவர், ஊசி போடும்போது விலங்கைப் பிடித்துக்கொள்பவர் ஆகியோரின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறுவது அபூர்வம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய உடல்நலம் சட்டத்தின் ஓரத்தில் கிடப்பதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வேலையின் ஆபத்து என்னவென்று உலகம் பல முறை பார்த்துவிட்டது. 1997 அக்டோபரில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தின் யெர்கிஸ் குரங்கின ஆய்வு மையத்தில் பணியாற்றிய எலிசபெத் கிரிஃபின், ரீசஸ் குரங்கு ஒன்றைக் கூண்டோடு இடம் மாற்றிக்கொண்டிருந்தார். குரங்கின் கழிவு என்று கருதப்படும் பொருள் அவரது கண்ணில் தெறித்தது. கடி இல்லை, கீறல் இல்லை. சுமார் பத்து நாளில் கண் வீங்கி வலித்தது. டிசம்பர் 10 அன்று, 22 வயதில், அவர் இறந்தார். காரணம் ‘பி வைரஸ்’. ஆபத்துக் குறைந்த வேலை என்று கருதப்பட்டதால் அவர் கண் கவசம் அணிந்திருக்கவில்லை.

அந்த வைரஸ் அன்று புதிதாக முளைத்ததல்ல. 1932-இலேயே நியூயார்க்கில் வில்லியம் பிரெப்னர் என்ற இளம் மருத்துவர் ஆய்வுக்கூடக் குரங்கு கடித்து இறந்திருந்தார். அந்த நிகழ்வில் கிடைத்த வைரஸை ஆராய்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் போலியோ சொட்டு மருந்தைத் தந்த ஆல்பர்ட் சேபின். குரங்குக்குப் பெரிதாகத் தொந்தரவு தராத இந்தக் கிருமி மனிதரின் மூளையைத் தாக்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் பத்தில் ஏழு பேர் பிழைப்பதில்லை. 65 ஆண்டுகளாகத் தெரிந்திருந்த ஆபத்திலிருந்து ஓர் இளம்பெண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடியவை ஒரு கண் கவசமும், தெறித்தவுடன் 15 நிமிடம் கண்ணைக் கழுவும் பழக்கமும், உடனடி மருந்தும்தான். 2021-இல் பெய்ஜிங்கில் குரங்குகளை அறுத்துப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் ஒருவரும் இதே வைரஸுக்குப் பலியானார்.

1967-இல் ஜெர்மனியின் மார்பர்க், பிராங்ஃபர்ட் நகரங்களிலும் அன்றைய யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலும், உகாண்டாவிலிருந்து வந்த குரங்குகளைக் கையாண்ட பணியாளர்களிடம் பெயர் தெரியாத காய்ச்சல் ஒன்று தோன்றியது. அவர்களும் அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களுமாக 31 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்தனர். மார்பர்க் வைரஸ் என்று இன்று நாம் அறிவது அதைத்தான்.

குரங்கு இல்லாத கூடங்கள் பாதுகாப்பானவை என்று எண்ணிவிடக் கூடாது. அன்றாடம் அதிகம் பேரை வாட்டுவது ஒவ்வாமை. எலிகளின் சிறுநீரில் வெளியேறும் புரதம் உலர்ந்து, கூண்டு மாற்றும்போது தூசியோடு சேர்ந்து பறக்கிறது. அதைச் சுவாசிப்பவருக்கு முதலில் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். பிறகு மூச்சு இரைக்கும். விலங்குகளைக் கையாளுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஒவ்வாமை அறிகுறிகளும், பத்தில் ஒருவருக்கு ஆஸ்துமா அறிகுறிகளும் இருப்பதாக அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1998-இலேயே எச்சரித்தது. சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் இந்தத் தூசியைத் தடுக்காது. இவற்றோடு எலிக் காய்ச்சலும், எலிக்கடிக் காய்ச்சலும், ஈன்ற ஆடுகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சலும், கை தவறிக் குத்திவிடும் ஊசிகளும் இருக்கின்றன.

இந்தியாவில் ஆய்வு விலங்குகளுக்காக ஒரு சட்டக் கட்டமைப்பு இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி மத்தியக் குழு ஒன்று இயங்குகிறது. 1998-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும்; அதன் ஒப்புதல் இல்லாமல் சோதனை நடத்த முடியாது. இது போற்றத்தக்க ஏற்பாடு. அந்தக் குழுவில் விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், சமூக அக்கறை கொண்ட வெளியாள், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஆகியோர் அமர்கிறார்கள். தொழில்சார் நோய்களை அறிந்த மருத்துவருக்கும் கூண்டருகே வேலை செய்பவருக்கும் விதிகள் இடம் தரவில்லை. விலங்கு எவ்வளவு வலியை அனுபவிக்கும் என்று கேட்கும் அந்தக் குழு, அதே சோதனையில் பணியாளருக்கு என்ன நேரும் என்பதையும் கேட்க வேண்டாமா? விலங்கின் மீது காட்டும் கருணையைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே கருணை கூண்டுக்கு வெளியே நிற்பவருக்கும் நீள வேண்டும் என்கிறோம்.

தொழிலாளர் சட்டத்திலும் வழி இருக்கிறது. விலங்குகளைக் கையாளும் வேலையில் வரும் தொற்றுநோய்களும், பணியிடக் காரணிகளால் வரும் ஆஸ்துமாவும் இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய்கள் என்று 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலேயே இடம்பெற்றவை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இத்தகைய பட்டியல் உண்டு. ஆனால், வேலைக்குச் சேர்ந்த நாளில் நுரையீரல் எப்படி இருந்தது என்ற பதிவு கையில் இல்லாதவர், இந்த ஆஸ்துமா வேலையால் வந்தது என்று எப்படி நிரூபிப்பார்? இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை எந்தெந்தப் பணியிடங்களுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை, இந்தத் தொகுப்புகளில் பணியிடப் பாதுகாப்பு பற்றிய சட்டம் அரசிடமே விட்டிருக்கிறது. அரசு அலுவலகங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றும், அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பொருந்தும் என்றும் சொல்கிறது. அரசு ஆய்வுக்கூடத்தின் விலங்குக் கூடம் எந்தப் பக்கம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அறிவிக்க வேண்டும்.

செலவு கூடும், ஆராய்ச்சி தாமதமாகும் என்ற முணுமுணுப்பு எழும். கண் கவசத்துக்கும் தரமான சுவாசக் கவசத்துக்கும் தடுப்பூசிக்கும் ஆகும் செலவு, ஓர் ஆய்வுத் திட்டத்தின் நிதியில் மிகச் சிறிய பங்கு. பழகிய பணியாளர் ஒவ்வாமையால் வேலையை விட்டுப் போனால் நஷ்டம் ஆராய்ச்சிக்கும்தான். அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத் துறையின் நிதியைப் பெறும் நிறுவனங்கள், விலங்குக் கூடப் பணியாளர்களுக்கான உடல்நலத் திட்டத்தை நடத்தியாக வேண்டும். இங்கும் அரசு நிதிக்கு அதே நிபந்தனையை விதிக்கத் தடையேதும் இல்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. நெறிமுறைக் குழுவில் ஒரு தொழில்நல மருத்துவரும் விலங்குப் பராமரிப்பாளர்களின் பிரதிநிதி ஒருவரும் இடம்பெற 1998 விதிகளைத் திருத்த வேண்டும். பணியில் சேரும்போதும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை செய்து, முடிவைப் பணியாளர் கையில் தர வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியும், தேவைப்படும் இடங்களில் ரேபிஸ் தடுப்பூசியும் இலவசமாகப் போட வேண்டும். கடி, கீறல், ஊசிக்குத்து, கண்ணில் தெறிப்பு ஆகிய ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். சொன்னவர் மீது பழி விழக் கூடாது. எந்த விலங்கோடு வேலை செய்கிறார் என்று குறிப்பிடும் அட்டை, அவசர சிகிச்சைக்குப் போகும் பணியாளரிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் என்று சொல்லி எவரையும் இந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கக் கூடாது.

பணியாளரின் உடல்நலத்துக்கு உறுதி தராத விலங்குக் கூடத்துக்குப் பதிவும் இல்லை, நிதியும் இல்லை என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும். அதற்கான விதியை எழுத இன்னொரு மரணம் வரை காத்திருப்பது குற்றம்.