முதலற்றோரும் முயற்சிக் கல்வியும்

அமெரிக்கப் பெருநகரங்களிலே வறியோர் வாழும் வட்டாரங்களில் ஒரு புதுவகை உயர்தரப் பாடசாலையைத் தாபிக்க வேண்டுமென்ற ஆர்வம் நெடுநாளாகக் காணப்படுகின்றது. மொழியும் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்பதோடு நில்லாது, தொழிலொன்றைத் தானே தொடங்கி நடத்தும் ஆற்றலை, நம் நாட்டுப் பாடவிதானத்தில் ‘முயற்சியாண்மை’ எனப் பெயர் பெற்றிருக்கும் ஆற்றலை, மாணாக்கரிடத்தே வளர்ப்பதைத் தலையாய நோக்கமாகக் கொள்ளும் பாடசாலை அது. இலக்கியப் பக்கத்திலே வியாபாரப் பேச்சு எதற்கென வாசகர் சிலர் வினவக்கூடும். ஏழைப் பிள்ளைக்கு எத்தகைய கல்வி தகும் என்ற வழக்கிலேதான் அமெரிக்காவின் சிறந்த உரைநடை நூல்கள் இரண்டொன்று பிறந்தன. எழுத்துலகம் ஒதுங்கி நிற்கக்கூடிய விவகாரம் அன்று இது.

இப்பாடசாலைகள் பல ‘சார்ட்டர்’ எனப்படும் சாசன முறையிலே தொடங்கப்படுவதால் அம்முறையை முதலிற் கூறிவிடுதல் நன்று. சாசனப் பாடசாலை கட்டணம் அறவிடுவதில்லை. மாணவர் தொகைக்கேற்ப அரசாங்கம் வழங்கும் பணத்திலேயே அது நடைபெறுகின்றது. ஆயினும் வட்டாரக் கல்விச் சபையின் நேரடி ஆட்சிக்குப் பெரும்பாலும் உட்படாது, பாடத்திட்டத்தையும் நேரசூசியையும் ஆசிரியரையும் தானே தெரிந்துகொள்ளும் சுதந்திரம் அதற்கு உண்டு. அச்சுதந்திரத்துக்கு ஈடாகச் சில ஆண்டுத் தவணையுடன் ஒரு சாசனம் எழுதப்படுகின்றது. தவணை முடிவிலே வாக்களித்த பயனைக் காட்டாவிடிற் சாசனம் பறிபோகும், கதவும் அடைபடும். இடங்களிலும் பார்க்க விண்ணப்பங்கள் மிகுமாயின் திருவுளச்சீட்டுப் போட்டே பிள்ளைகளைச் சேர்ப்பர்.

இவ்வெண்ணத்தை 1988 ஆம் ஆண்டிலே பிரசித்தப்படுத்தியவர் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவராயிருந்த அல்பேர்ட் ஷங்கர். ஆசிரியர்கள் தாமே ஒன்றுகூடிப் புதுமுறைகளைப் பரீட்சித்துப் பார்க்கும் கூடங்களாகவே அவர் இவற்றைக் கருதினார். பின்னர் இலாபங் கருதும் கம்பெனிகள் உட்புகக் கண்டு அவரே கண்டனக்காரராக மாறினார் என்பது தனிக்கதை. முதற் சட்டத்தை 1991 இல் மினசோட்டா மாநிலம் நிறைவேற்றிற்று. அடுத்த ஆண்டு அம்மாநிலத்துச் சென்ற் போல் நகரில், படிப்பை இடையில் விட்ட இளைஞருக்கென, முதலாவது சாசனப் பாடசாலை திறக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டளவில் இவை ஏறத்தாழ 7,800 ஆகப் பெருகி, 37 இலட்சம் மாணவரைக் கொண்டிருந்தன.

இத்தகைய பாடசாலையொன்றைத் தொடங்குவதே ஒரு வியாபார முயற்சிதான். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்னரும் கட்டடத்துக்குப் போதிய பணம் பல மாநிலங்களிற் கிடையாது. பழைய பண்டகசாலையையோ தேவாலய மண்டபத்தையோ வாடகைக்கு எடுத்து அங்கே கரும்பலகை மாட்ட வேண்டும். பிள்ளைகள் வந்தாற்றான் பணம் வரும். ஆசிரியரையோ பிள்ளைகள் வருமுன்பே நியமித்தாக வேண்டும். ஆதலின் முதல் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பை மட்டும் நடத்தி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறிச்செல்வது வழக்கம். எதிர்பார்த்த நூறு பிள்ளைகளுக்குப் பதிலாக எழுபதின்மர் வந்தால், மாணவருக்குப் போதிக்கவிருந்த நட்டக் கணக்கை அதிபரே முதலிற் கற்க நேரிடும்!

வியாபாரத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டலாம் என்ற எண்ணத்துக்கு இக்காலத்தில் உருக்கொடுத்தவர்களுள் ஸ்டீவ் மரியொட்டி என்பவர் குறிப்பிடத்தக்கவர். போர்ட் மோட்டார் கம்பெனியின் நிதிப் பிரிவிற் பணிபுரிந்து, பின் நியூயோர்க்கில் சொந்த வியாபாரம் நடத்தியவர் அவர். 1980களின் தொடக்கத்தில் இளைஞர் சிலர் அவரைத் தெருவிலே தாக்கி, கையிலிருந்த சில டொலர்களைப் பறித்தனர். அச்சிறு தொகைக்காக இத்தனை ஆபத்தை மேற்கொள்ளும் இவர்கள் எதையாவது விற்றுப் பிழைக்கலாகாதா என்ற சிந்தனை அவரைப் பற்றிக்கொண்டது. உத்தியோகத்தைத் தேடாது, நகரத்தின் மிகக் கடினமான வகுப்பறைகளுக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கே அவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பார் இல்லை. ஒருநாள் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி உயர்த்திப் பிடித்து, அதனை விலைகூறி விற்பவர்போலப் பேசத் தொடங்கினார். வகுப்பு அடங்கியது. அக்கடிகாரத்தின் கொள்விலை, விற்பனை விலை, இலாபம் என்ற வழியிலே கணிதத்துக்குட் சென்றார். 1987 இல் அவர் தொடக்கிய முயற்சியாண்மைக் கல்வி அமைப்பு இன்று பல நாடுகளிற் பரந்திருக்கின்றது. மாணவருக்குச் சிறுதொகை முதல் கொடுத்து, மொத்த வியாபாரத் தெருவுக்கு அழைத்துச் சென்று, கொள்முதல் செய்வித்து விற்கவைப்பது அவர்களது முறைகளுள் ஒன்று.

இம்முறையின் பயனை எளிய உதாரணத்தாற் காட்டலாம். ஒரு மாணவி 12 சோடிக் காலுறைகளை 12 டொலருக்கு வாங்குகிறாள் என்று கொள்வோம். போக்குவரத்துக்கு 6 டொலர் செலவு. சோடி 2 டொலர் வீதம் 9 சோடி விற்று 18 டொலர் பெறுகிறாள். போட்ட பணம் 18; வந்த பணமும் 18. இலாபமில்லை என்று அவள் சொல்வாள். கணக்கறிந்த ஆசிரியர் மறுப்பார். விற்ற ஒன்பதின் கொள்விலை 9 டொலர். அதனோடு போக்குவரத்தையும் கழித்தால் எஞ்சுவது 3 டொலர் இலாபம். அந்த இலாபம் கையிலே காசாக இல்லை. விற்காத மூன்று சோடியாகப் பைக்குள் இருக்கிறது. இலாபம் வேறு, கைக்காசு வேறு என்ற இவ்வுண்மையை உணராத பெரிய வியாபாரிகளும் வங்குரோத்து அடைந்திருக்கிறார்கள். பாடம் இத்துடன் முடிவதில்லை. அந்த 3 டொலருக்காக அவள் ஆறு மணிநேரம் தெருவில் நின்றிருப்பாளாயின், மணிக்கு அரை டொலரே அவளது ஊதியம். கூட்டரசு 2009 இல் நிர்ணயித்த ஆகக்குறைந்த கூலியோ மணிக்கு 7.25 டொலர். பிறரிடம் கூலிக்குச் செல்வதே அன்றைக்கு மேலாக இருந்திருக்கும் என்று அவள் தானே கண்டறிவாளாயின், அதுவும் அப்பாடசாலையின் வெற்றியென்றே நாம் கொள்வோம். இதனை ஒப்புக்கொள்ளும் துணிவு தாபகர்களுக்கு இருக்க வேண்டும்.

1999 இல் கலிபோர்னியாவின் கிழக்குப் பலோ அல்ற்றோவிலே நடந்ததும் கருதத்தக்கது. வறிய மாணவர் நால்வர் தாம் பாடசாலையை விட்டு வியாபாரம் தொடங்க விரும்புவதாகவும், சட்ட உதவி வேண்டுமென்றும் சுசான் மெக்கெக்னி கிளார் என்னும் இளம் சட்டத்தரணியை நாடினர். படிப்பைத் தொடர்வீர்களாயின் உதவுவேன் என்றார் அவர். ‘பில்ட்’ என்ற அமைப்பு அவ்வுடன்படிக்கையிற் பிறந்தது. வியாபார ஆசை அங்கே பிள்ளைகளைப் பாடசாலைக்குள் நிறுத்தும் கயிறாயிற்று.

எனினும் ஐயுறவு கொள்வோரும் உளர். அவர்களுடைய ஐயத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அடிமையாகப் பிறந்த புக்கர் ரீ. வாஷிங்டன் 1881 இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் ஒரு கலாசாலையை நடத்தத் தொடங்கினார். மாணவரே செங்கல் அறுத்துச் சூளை வைத்தனர். மூன்று சூளைகள் பாழாயின. நான்காவதற்குப் பணமில்லாது, தம்மிடமிருந்த கைக்கடிகாரத்தை 15 டொலருக்கு அடகு வைத்தார். சூளை வெற்றி பெற்றது, கடிகாரம் மீளவில்லை. நல்ல செங்கல் வேண்டி வெள்ளையரும் அங்கு வரலாயினர். இதனை அவர் தம் சுயசரிதையிற் பெருமையோடு எழுதியிருக்கிறார். மரியொட்டியின் கடிகாரத்தைப் படித்தபோது இந்தக் கடிகாரமே எமக்கு நினைவுக்கு வந்தது. தொழிலும் பொருளும் தேடிக்கொண்டால் உரிமைகள் காலப்போக்கிற் பின்தொடரும் என்று 1895 இல் அட்லாண்டாவில் அவர் ஆற்றிய உரை வெள்ளையர் பலரின் மனத்தைக் குளிர்வித்தது.

அக்குளிர்ச்சியையே டு பொய்ஸ் ஐயுற்றார். 1903 இல் வெளிவந்த அவரது நூலில், வாக்குரிமையும் குடியுரிமையும் உயர்கல்வியும் இல்லாத மக்கள் கைத்தொழிலால் மட்டும் தலைநிமிர முடியாதென வாதித்தார். அவர் சுட்டிய ஒன்று மறுக்கவொண்ணாதது. டஸ்கீகியிற் கற்பித்த ஆசிரியர்களே உயர்கலாசாலைகளிலிருந்து வந்தவர்கள். அக்கலாசாலைகள் இல்லையெனில் டஸ்கீகி ஒருநாளும் நடவாது. ஏழைக்கு உளியும் செல்வனுக்கு ஏடும் என்று பங்கிடும் கல்வி, உளியை எத்துணைப் புகழ்ந்தாலும், ஏழையைக் கீழேயே வைத்திருக்கும். இன்று உளிக்குப் பதிலாக ‘முயற்சியாண்மை’ என்ற சொல் வந்திருக்கிறது என்பாரை எளிதில் அலட்சியம் செய்துவிட இயலாது. வசதியுள்ள வட்டாரத்துப் பாடசாலைகளில் நுண்கணிதமும் உலக இலக்கியமும் தடையின்றிக் கிடைக்கும்போது, வறிய வட்டாரத்துப் பிள்ளைக்கு மட்டும் ‘நீ உன்னையே நம்பு’ என்று போதிப்பதில் ஒரு வஞ்சனை ஒளிந்திருக்கக் கூடும்.

ஏழைச் சிறுவன் தன் முயற்சியாற் செல்வனான கதை வேண்டுவோர் ஹொரேஷியோ அல்ஜரின் பெயரைச் சொல்வது வழக்கம். அவரது ‘ரக்ட் டிக்’ 1868 இல் நூலாக வெளிவந்தது. அதனைப் படியாமலே புகழ்வோர் பலர் என்று எண்ணுகிறோம். நியூயோர்க் வீதியிலே சப்பாத்துத் துடைக்கும் டிக் கதை முடிவில் முதலாளி ஆகவில்லை. வாரம் 10 டொலர் பெறும் எழுதுவினைஞன் ஆகிறான். அதுவும் நீரில் வீழ்ந்த குழந்தையொன்றைக் காப்பாற்றியமையால், அதன் தந்தை அளித்த வேலை. அதற்கு முன்பு அவன் செய்த ஒரு காரியந்தான் முக்கியமானது. படித்த சிறுவனொருவனுக்குத் தன் அறையிற் பங்கு கொடுத்து, அதற்கு மாறாக இரவுதோறும் எழுத்தும் கணக்கும் கற்றுக்கொள்கிறான். அவ்விரவுகள் இல்லாவிடின் குழந்தையைக் காத்த பின்னரும் அவன் சப்பாத்துத் துடைத்துக்கொண்டே இருந்திருப்பான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் தொடங்கப்படும் புதிய தொழில்களில் ஏறத்தாழ ஐந்திலொன்று முதலாண்டுக்குள்ளும், பாதியளவு ஐந்தாண்டுக்குள்ளும் மூடப்படுகின்றன. மத்திய வங்கி 2022 இல் நடத்திய குடும்ப நிதி ஆய்வின்படி, வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து ஏறத்தாழ 2,85,000 டொலர்; கறுப்பினக் குடும்பத்தினது ஏறத்தாழ 44,900 டொலர். முதலாவது குடும்பத்துப் பிள்ளை தோற்றால் வீட்டுக்குத் திரும்பி மீண்டும் தொடங்கலாம். இரண்டாவது குடும்பத்துப் பிள்ளையின் தோல்வியிலே தாயின் சேமிப்பும் வீட்டு வாடகையும் சேர்ந்து போகும். துணிவு இருவர்க்கும் ஒன்றாயினும் விழும் ஆழம் ஒன்றன்று.

பாடசாலையே விழுவதும் உண்டு. கடை மூடப்பட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவர். பதினொன்றாம் வகுப்பிலே பாடசாலை மூடப்பட்ட பிள்ளை எங்கே போகும்? ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வு நிலையமொன்று 2009 இல் வெளியிட்ட அறிக்கையில், கணிதத்தில் 17 வீதமான சாசனப் பாடசாலைகளே அயலிலுள்ள சாதாரண பாடசாலைகளை விஞ்சின. 37 வீதம் பின்தங்கின. அதே நிலையத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கை முன்னேற்றம் காட்டிற்று. வாசிப்பில் 16 நாட் படிப்புக்கும் கணிதத்தில் 6 நாட் படிப்புக்கும் சமமான மேலதிகப் பயன் சராசரியாகக் காணப்பட்டது. நகரத்து ஏழைகளான கறுப்பின, இஸ்பானிய வழிப் பிள்ளைகள் இதனிலும் கூடிய பயன் பெற்றனர். இடையில் 2016 இல், கறுப்பின மக்களின் மூத்த உரிமை இயக்கமே புதிய சாசனங்களை நிறுத்திவைக்குமாறு கோரிற்று. அதே ஆண்டு மசாசுசெட்ஸ் மாநில வாக்காளர், சாசனப் பாடசாலைகளைப் பெருக்கும் யோசனையைப் பெரும்பான்மையால் நிராகரித்தனர். பொதுப் பாடசாலைகளின் பணம் அங்கு செல்கின்றது என்ற முறைப்பாடு நியாயமற்றதன்று.

இவ்வளவுக்கும் பின்னர் அத்தகைய பாடசாலை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே எமது விடை. வகுப்பறையிற் சோர்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையைத் தட்டியெழுப்பக் கைக்கடிகாரம் ஒன்று உதவுமாயின் அதனைத் தடுக்க நாம் யார்? ஆனால் முதல் கொடுப்பது நன்கொடையாக இருக்க வேண்டும். கடனாகக் கொடுத்துப் பிள்ளையின் பெயரிலே வட்டி ஏற்றலாகாது. காலை வேளை வாசிப்புக்கும் கணிதத்துக்கும் உரியது, வியாபாரம் பிற்பகலுக்கு உரியது என்ற ஒழுங்கும் வேண்டும். ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாண்ட் நகரில் 2006 இல் திறக்கப்பட்ட சாசனப் பாடசாலையொன்று முயற்சியாண்மையைத் தன் பெயரிலேயே தாங்கியது. அதனைத் தாபித்தவர்களுள் ஒருவர் வியாபாரத்தில் வெற்றி கண்டவர். ஆயினும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து தொடங்கி, உயர்கல்விக்கு அவர்களை ஆயத்தப்படுத்துவதையே அது தன் பணியாகக் கொண்டது. தாபகர்கள் அதனை ஒருமுறை சென்று பார்ப்பது தகும்.

சாசனம் புதுப்பிக்கும் வேளையிலே, மாணவர் பதிவு செய்த கம்பெனிகளின் பட்டியலும் பெரிய காசோலையோடு எடுத்த புகைப்படமும் கோப்பிலே முன்னால் வைக்கப்படும். நன்கொடையாளருக்கு அவை பிடிக்கும். அதிகாரிகள் அவற்றைப் புரட்டிவிட்டு, தாதியாகவோ மின்வினைஞராகவோ ஆசிரியராகவோ சென்ற மாணவரைப் பாடசாலை எந்த நிரலிற் சேர்த்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலுறை விற்ற அந்த மாணவி தன் கணக்கேட்டை மூடிவிட்டு, இவ்வியாபாரம் தனக்கு ஏன் வேண்டாம் என்று காரணங்காட்டிப் பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கங்கள் அக்கோப்பில் இருக்குமாயின், ஐந்தாண்டுக்கல்ல, பத்தாண்டுக்கே சாசனத்தை நீட்டிக் கொடுக்கலாம்.